திட்டு வாங்க வேண்டியவர் அந்தப் பெண் இல்லை

சந்தாவை ரத்து செய்ய நாற்பது நிமிடம் போனில் காத்திருந்து, கடைசியில் பேசிய பெண்ணைத் திட்டிவிட்டேன், அவர் பெயரைப் போட்டுப் புகாரும் எழுதப் போகிறேன், அது தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். கோபம் நியாயம்தான், போய்ச் சேர்ந்த இடம்தான் சரியில்லை.

நானும் மூன்று வருடம் அந்த ஹெட்போனை மாட்டியவன். ரத்து என்று கேட்டால் முதலில் ஒரு சலுகை, மறுத்தால் இன்னொன்று. இரண்டையும் வாசித்துப் பதிவு செய்தால்தான் திரையில் ரத்துப் பொத்தானே வரும். ஒன்றை விட்டால் மதிப்பெண் குறையும், மாதக் கடைசியில் ஊக்கத்தொகை போகும். எதிரில் இருப்பவர் அழுதாலும் அடுத்த வரியைப் படிக்க வேண்டியதுதான்.

அதற்காகக் கீழே இருப்பவர்கள் எல்லாரும் அப்பாவிகள் என்று சொல்ல மாட்டேன். ரத்து செய்யாமலே 'ஆகிவிட்டது' என்று சொல்லி வைத்துவிடும் ஆட்களும் இருந்தார்கள். அந்தப் பொய் அவர்கள் கணக்கில்தான்.

அமெரிக்காவின் வெல்ஸ் பார்கோ வங்கியில் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே கணக்குகள் திறந்த விவகாரம் 2016இல் வெடித்தபோது, சுமார் 5,300 ஊழியர்கள் வேலையிழந்திருந்தார்கள். திறந்தது அவர்கள்தான், சரி. எட்டமுடியாத விற்பனை இலக்கை வைத்தது யார்? முன்னாள் தலைமை நிர்வாகி ஜான் ஸ்டம்புக்கு 1.75 கோடி டாலர் அபராதமும் வங்கித் துறையில் தடையும் வர 2020 ஆயிற்று.

புகாரை எழுதுங்கள். காத்திருந்த நேரம், சொன்ன சலுகைகள், எத்தனை முறை மறுத்தீர்கள், எல்லாம் இருக்கட்டும். அப்புறம், ரத்துக் கோரிக்கையை மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள்.