கொம்பியூட்டர் கேள்வி பதில்: சத்தம் எந்த இடத்தில் நின்றது?

உவர்மலை வாசகி: இரவு விண்டோஸ் 11 அப்டேட் ஆனது. காலையில் சத்தமே இல்லை, ஸ்பீக்கர் படத்தில் புள்ளடி விழுந்திருக்கிறது. மகனுக்கு உயர்தர வகுப்பு சூமில்தான் நடக்கிறது. கடையில் கேட்டால் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடவேண்டும் என்கிறார்கள். வேறு வழி இல்லையா?

இருக்கிறது அம்மா. சத்தத்துக்காக விண்டோஸை அழிப்பது மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்துகிற வேலை.

முதலில் ஒருமுறை 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். 'ஷட் டவுன்' செய்து மறுபடி போடுவது இதற்குச் சரிவராது. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' (விரைவாகத் தொடங்கும் வசதி) இயங்கும் கொம்பியூட்டரை ஷட் டவுன் செய்தால், ட்ரைவர்கள் (பாகங்களை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்கள்) இருந்த நிலையிலேயே டிஸ்கில் எழுதப்பட்டு, அடுத்தமுறை அப்படியே திரும்பி வரும். குழப்பமும் கூடவே வரும். ரீஸ்டார்ட்டில்தான் ட்ரைவர் புதிதாக ஏறும்.

அதற்கும் சரிவராவிட்டால் ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து 'டிவைஸ் மனேஜர்' திறந்து, 'சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கண்ட்ரோலர்ஸ்' என்ற வரியை விரியுங்கள். 'ரியல்டெக்' (சத்தத்துக்கான சிப்பின் பெயர்) என்பதன்மேல் கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால் அது நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. ரைட் கிளிக், 'எனேபிள்', அவ்வளவுதான். மஞ்சள் முக்கோணம் இருந்தால் பெயரை இரட்டைக் கிளிக் செய்து, வரும் செய்தியில் கோட் எண்ணைப் பாருங்கள். 28 என்றால் ட்ரைவர் ஏறவே இல்லை. 10 என்றால் பாகத்தை இயக்க முடியவில்லை. அப்டேட்டுக்குப் பின் வந்ததென்றால் பெரும்பாலும் ட்ரைவர் பொருந்தவில்லை. அதே பெட்டியில் 'ட்ரைவர்' பக்கத்தில் 'ரோல் பேக் ட்ரைவர்' உயிரோடு இருந்தால் அழுத்துங்கள், நேற்றைய ட்ரைவர் திரும்பிவிடும். மங்கலாக இருந்தால் பழையது சேமிப்பில் இல்லை.

அப்படியானால் இன்றைய வகுப்புக்கு இன்டர்நெட்டும் தேவைப்படாத ஒரு வழி: பெயரில் ரைட் கிளிக், 'அப்டேட் ட்ரைவர்', 'ப்ரவுஸ் மை கம்ப்யூட்டர்', பிறகு 'லெட் மீ பிக்' என்று தொடங்கும் வரி. வரும் பட்டியலில் 'ஹை டெஃபினிஷன் ஓடியோ டிவைஸ்' என்பதைத் தெரிவு செய்து 'நெக்ஸ்ட்'. எச்சரிக்கை வந்தால் 'யெஸ்' சொல்லலாம். இது விண்டோஸ் தன்னோடு கொண்டுவரும் பொது ட்ரைவர். இதில் சத்தம் வந்துவிட்டால் ஒரு பெரிய உண்மையும் தெரிந்துவிடும்: பாகம் பழுதில்லை, பிழை ரியல்டெக் ட்ரைவரில். (புதிய மடிக்கணினிகள் சிலவற்றில் 'இன்டெல் ஸ்மார்ட் சவுண்ட்' என்ற இன்டெல்லின் ஒலி ட்ரைவர் இடையில் நிற்பதால் இந்தப் பெயர் பட்டியலில் வராமல் போகலாம்.)

ஆறுதலாக இருக்கும்போது சரியான ட்ரைவரைப் போடுங்கள். ஸ்டார்ட்டில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறந்தால் 'பேஸ்போர்ட் ப்ரொடக்ட்' என்ற வரியில் மதர்போர்டின் மாடல் இருக்கும். அந்த போர்டைச் செய்த நிறுவனத்தின் சப்போர்ட் பக்கத்திலிருந்தே ஓடியோ ட்ரைவரை இறக்குங்கள். மடிக்கணினியென்றால் அதைச் செய்த நிறுவனம். சிப் ரியல்டெக்தானே, எங்கிருந்து எடுத்தால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். சிப் ஒன்றானாலும் எந்தக் கால் எந்த ஜாக்குக்குப் போகிறது என்பது போர்டுக்குப் போர்டு வேறு. புதிய ட்ரைவர்கள் துண்டு துண்டாக வருகின்றன: அடிப்படை ட்ரைவர், போர்டுக்குரிய இணைப்பு, 'ரியல்டெக் ஓடியோ கன்சோல்' என்ற செயலி. ஒன்றை ஓரிடத்திலும் மற்றதை வேறிடத்திலும் எடுத்தால், 'ஆர்பிசி' (RPC) என்ற பின்னணிச் சேவையோடு இணைய முடியவில்லை என்று கன்சோல் முரண்டு பிடிக்கும்.

இறக்கிய கோப்பைப் பென் ட்ரைவில் ஒரு பிரதி வையுங்கள். பிறகு இன்டர்நெட்டைத் துண்டித்து, டிவைஸ் மனேஜரில் 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுத்து, ட்ரைவரையும் நீக்கும் கட்டத்தில் சரி போட்டு, ரீஸ்டார்ட் செய்து, புதியதை நிறுவி, மறுபடி ரீஸ்டார்ட். இன்டர்நெட்டைத் துண்டிக்காவிட்டால் இடையில் விண்டோஸ் அப்டேட் தன்னிடமுள்ள ட்ரைவரைத் திணித்துவிடும்.

கிண்ணியா வாசகர்: புதிய மொனிட்டரை எச்டிஎம்ஐ வயரில் பூட்டியதிலிருந்து சத்தமில்லை. ட்ரைவர் போய்விட்டதா?

இல்லை. சத்தம் இப்போது மொனிட்டருக்குப் போகிறது. எச்டிஎம்ஐ படத்தோடு ஒலியையும் கொண்டுபோகும். பல மொனிட்டர்களில் ஸ்பீக்கரே கிடையாது. கடிகாரத்துக்கு அருகிலுள்ள ஸ்பீக்கர் படத்தைக் கிளிக் செய்து, ஒலியளவுக் கோட்டுக்குப் பக்கத்து அம்பை அழுத்தி, பழைய ஸ்பீக்கரைத் தெரிவு செய்யுங்கள்.

நிலாவெளி வாசகர்: முன்பக்க ஜாக்கில் ஹெட்செட் போட்டால் கரகரப்பு, ஒரு காதில் மட்டும் சத்தம். மூன்று தரம் ட்ரைவர் மாற்றிவிட்டேன்.

நான்காவது தரம் மாற்றவேண்டாம். பாட்டு ஓடும்போது பிளக்கை விரலால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். திருப்பத் திருப்ப சத்தம் வந்து போனால் அது ட்ரைவரின் வேலையே இல்லை. ஜாக்கின் உள்தகடு பிளக்கைத் தொடவில்லை. அதே ஹெட்செட்டைப் பின்பக்கப் பச்சை ஜாக்கிலும் போட்டுப் பாருங்கள். அங்கே சுத்தமாகக் கேட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை.

கடற்கரையோர வீடுகளில் இது அடிக்கடி நடக்கும். உப்புக்காற்று திறந்த ஜாக்குக்குள் போய், மாரியில் ஈரமும் சேர, தகட்டில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூக்கும். பிளக்கின் நுனியிலும் அந்தப் பூப்பு தெரியும். கரண்ட் வயரைக் கழற்றிவிட்டு, 90 வீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் அல்ககோலைப் பஞ்சில் தொட்டுப் பிளக்கைத் துடைத்து, ஈரம் காயுமுன் ஜாக்கில் பத்துப் பதினைந்து தரம் போட்டு எடுங்கள். அரை மணி நேரம் காயவிட்டே கரண்ட் போடவேண்டும். தேங்காய் எண்ணெய் தடவவே வேண்டாம், தூசியைப் பிடித்து இன்னும் கெடுக்கும்.

அதற்குப் பிறகும் முன்பக்கம் பேசாவிட்டால், கேசைத் திறந்து முன் ஜாக்கிலிருந்து வரும் வயரைப் பாருங்கள். பத்துத் துளைக் கனெக்டரில் ஒரு துளை அடைத்திருக்கும். ஓடியோவுக்கு எட்டாவது கால் இல்லை, யூஎஸ்பி 2.0க்கு ஒன்பதாவது கால் இல்லை. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், மாற்றி அழுத்தி நுழைக்கக்கூடாது. பழைய கேசில் 'ஏசி97' (பழைய முறை), 'எச்டி' (புதிய முறை) என்று இரண்டு கனெக்டர் தொங்கினால் எச்டியைப் பூட்டுங்கள்.

ஜாக் தேய்ந்தே போயிருந்தால் சிறிய யூஎஸ்பி சவுண்ட் கார்ட் ஒன்று போதும். சாதாரண வகைகளுக்கான ட்ரைவர் விண்டோஸிலேயே உண்டு.

மூதூர் வாசகி: மற்றவர்கள் பேசுவது கேட்கிறது, நான் பேசுவது அவர்களுக்குக் கேட்கவில்லை. போன் ஹெட்செட்டைத்தான் மேசைக் கொம்பியூட்டரில் போட்டிருக்கிறேன்.

பிளக்கில் கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். மூன்று இருந்தால் அதில் மைக்கும் உண்டு. ஆனால் மேசைக் கொம்பியூட்டரின் பச்சை ஜாக் கேட்பதற்கு மட்டும், மைக்குக்கு இளஞ்சிவப்பு ஜாக். ஒற்றைப் பிளக்கை இரண்டாகப் பிரிக்கும் 'Y' வடிவ வயர் ஒன்று வாங்கினால் தீரும். பிறகும் கேட்காவிட்டால் 'செட்டிங்ஸ்', 'ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'மைக்ரோஃபோன்' போய் அங்குள்ள அனுமதிகளைத் திறந்துவிடுங்கள்.

தம்பலகாமம் வாசகர்: மடிக்கணினியை அம்ப்ளிஃபையரில் கொடுத்தால் 'ம்ம்ம்' என்ற இரைச்சல். எந்த ட்ரைவர் போடலாம்?

சார்ஜரைக் கழற்றிப் பற்றரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் பிரச்சினை எர்த்தில். மடிக்கணினியும் அம்ப்ளிஃபையரும் வெவ்வேறு பிளக் பொயின்டில் இருந்தால் இரண்டு எர்த்துக்கும் இடையில் ஓடும் சிறு மின்னோட்டம்தான் இப்படிக் கேட்கும். இரண்டையும் நல்ல எர்த் உள்ள ஒரே மல்டி பிளக்கில் போடுங்கள். தீராவிட்டால் ஒலி வயரின் நடுவில் 'கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்' பூட்டலாம். பிளக்கின் எர்த் காலை வெட்டிவிட யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரைச்சல் நிற்கும், ஆனால் மின்னொழுக்கு வந்தால் தொட்டவருக்கு ஷொக் அடிக்கும்.

சீனன்குடா வாசகர்: எல்லா ட்ரைவரையும் இலவசமாகப் புதுப்பிக்கும் மென்பொருள் போடலாமா?

வேண்டாம். பெயரை ஒப்பிட்டுப் பொருந்தாத ட்ரைவரை ஏற்றி, நன்றாக இருந்ததையும் கெடுக்கும் ரகம் அவற்றில் அதிகம். சிலவற்றில் விளம்பரக் குப்பையும் ஒட்டிக்கொண்டு வரும். சத்தம் ஒழுங்காக இருந்தால் ஓடியோ ட்ரைவரைத் தொடவேண்டியதில்லை. குறை இருந்தால் விண்டோஸ் அப்டேட்டில் 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்', 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' உள்ளே 'ட்ரைவர் அப்டேட்ஸ்' இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்றுமுன் இப்போதைய ட்ரைவரின் பதிப்பு எண்ணையும் திகதியையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.