தீக்குள் கையை விட்டவர்

கேள்வி: ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், எரிக் கிளாப்டன், எடி வான் ஹேலன் - எலெக்ட்ரிக் கிதாரில் யாருடைய கை ஓங்கியிருக்கிறது? உங்களுக்குப் பிடித்தவர் யார்? மழுப்பாமல் ஒரே ஒரு பெயரைச் சொல்லுங்கள்.

பதில்: 'மழுப்பாமல்' என்று கேட்டிருப்பதிலிருந்தே நீங்கள் இந்தப் பக்கத்தை நெடுநாளாகப் படிப்பவர் என்று புரிகிறது. பெயரைச் சொல்கிறேன், ஆனால் அது நீங்கள் நீட்டிய மூன்றில் இல்லை. அதற்கு முன்னால், போகிறபோக்கில் 'கை' என்று ஒரு சொல்லைப் போட்டீர்களே, அதை விட எனக்கு மனசில்லை. இந்த வாத்தியத்தின் கதையில் பாதி, கையில் ஏதாவது கோளாறு வந்தவர்களின் கதைதான்.

பிளாக் சபாத் குழுவின் டோனி அயோமியை எடுத்துக்கொள்ளுங்கள். 17 வயது, தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை, அதுவும் வேலையை விட்டு நிற்கும் கடைசி நாள். இயந்திரம் வலதுகையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளைக் கொண்டுபோய்விட்டது. வலதுகைதானே, மீட்டுகிற கைதானே என்று நினைக்காதீர்கள், மனிதர் இடதுகைக்காரர், தந்தியை அழுத்த வேண்டிய கையே அதுதான். இனி அவ்வளவுதான் என்று உட்கார்ந்திருந்தவருக்கு ஜாஸ் கிதார்க்காரர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டு ஒன்று கிடைத்தது. ஜாங்கோவுக்கு 1928-ல் ஒரு தீவிபத்தில் இடதுகையின் இரண்டு விரல்கள் முடங்கிப்போயின. மிச்சமிருந்த விரல்களில்தான் அவ்வளவு வேகமும். அதைக் கேட்ட அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டார், மெல்லிய தந்திகளுக்கு மாறினார், பிறகு சுருதியையும் இறக்கினார். ஹெவி மெட்டல் என்று பிள்ளைகள் தலையைச் சுழற்றும் அந்தக் கனத்த ஓசையில் ஒரு பங்கு, விரல் நோகாமல் இருக்கச் செய்துகொண்ட ஏற்பாடு!

இன்னொரு கிதார்க்காரர் லெஸ் பால் கதை இன்னும் மோசம். 1948-ல் கார் விபத்து, வலது முழங்கை நொறுங்கிவிட்டது, இனி மடங்காது, ஏதாவது ஒரு கோணத்தில்தான் நிலையாக நிற்கும் என்றார்கள். அப்படியானால் கிதார் பிடிக்கிற கோணத்தில் நிறுத்திவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். 94 வயதில் சாகும்வரை அந்தக் கையோடுதான் வாசித்தார்.

நீங்கள் சொன்ன மூவருக்கும் இந்தக் கை விவகாரம் உண்டு. ஹெண்ட்ரிக்ஸ் வலதுகைக் கிதாரைத் தலைகீழாகத் திருப்பி இடதுகையால் வாசித்தவர். 1960-களில் லண்டன் சுவரில் 'கிளாப்டன் கடவுள்' என்று எழுதி வைத்திருந்தார்கள், ஆனால் அந்தக் கடவுளின் பட்டப்பெயர் 'ஸ்லோஹேண்ட்', மெதுவான கை. வாசிப்பு மெதுவாம் என்று நினைத்துவிடாதீர்கள். மேடையில் தந்தி அறுந்தால் அங்கேயே நின்று புதுத் தந்தி கட்டுவார், அதுவரை கூட்டம் நிதானமாகக் கைதட்டிக்கொண்டிருக்கும், அதிலிருந்து வந்த பெயர். வான் ஹேலன் இரண்டு கைகளையும் கிதாரின் கழுத்திலேயே வைத்துத் தட்டி 1978-ல் எல்லோரையும் மிரள வைத்தார். மைக்கேல் ஜாக்சனின் 'பீட் இட்' பாட்டில் வரும் தனி வாசிப்புக்கு அவர் காசே வாங்கவில்லை. இந்தத் தகவலை நம் பத்திரிகைக்கு எழுதுகிறவர்களிடம் நான் அடிக்கடி சொல்வதுண்டு, யாரும் சரியாகப் புரிந்துகொள்வதில்லை.

அப்புறம் லியோ ஃபெண்டர். 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற எலெக்ட்ரிக் கிதாரைக் கொண்டுவந்தவர், ஹெண்ட்ரிக்ஸ் தலைகீழாகப் பிடித்ததே அதைத்தான். அவருக்குக் கிதார் வாசிக்கவே தெரியாது. எழுதத் தெரியாதவர் ஆசிரியராக இருக்கும்போது இதில் என்ன அதிசயம் என்று ஒரு வாசகர் கடிதம் எழுதுவார். அவருக்குத் தபால் செலவு மிச்சம், நானே சொல்லிவிட்டேன்.

மூன்று பெயர் சொன்னீர்கள், மூன்றும் ஆண் பெயர். சிஸ்டர் ரோஸெட்டா தார்ப் தேவாலயப் பாட்டை எலெக்ட்ரிக் கிதாரில் வாசித்து, பின்னால் வந்த ராக் அண்ட் ரோல் ஆட்களுக்கெல்லாம் வழி காட்டியவர். 1964-ல் மான்செஸ்டரில் மூடிக் கிடந்த ஒரு ரயில் நிலையத்தில், மழை விட்ட ஈரத்தில், கோட்டு போட்டுக்கொண்டு அவர் வாசிக்கும் படக்காட்சி இருக்கிறது, பாருங்கள். 1973-ல் இறந்தார். ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தது 2018-ல். 45 வருஷம்! பட்டியல் போடுகிறவர்கள் மேல் எனக்கு ஏன் கோபம் என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 2003, 2011, 2023 என்று மூன்று முறை பட்டியல் போட்டது, மூன்றிலும் ஹெண்ட்ரிக்ஸ்தான் முதலிடம். விடை மாறப்போவதில்லை என்றால் தேர்வு எதற்கு?

சரி, என் ஆள். ஹெண்ட்ரிக்ஸ் 1967-ல் மான்டெரி இசைவிழா மேடையில் தன் கிதாருக்குத் தீ வைத்தார், உலகமே வாய்பிளந்தது. அதற்குப் பல வருஷம் முன்னால், 1949-ல், ஆர்கன்ஸாவில் ட்விஸ்ட் என்ற ஊரின் நடனக்கூடத்தில், இரண்டு பேர் அடித்துக்கொண்டதில் குளிருக்காக வைத்திருந்த மண்ணெண்ணெய்ப் பீப்பாய் கவிழ்ந்து கூடமே பற்றிக்கொண்டது. வெளியே ஓடிவந்துவிட்ட ஓர் இளைஞர் கிதாரை விட்டுவிட்டோமே என்று திரும்ப உள்ளே ஓடினார். அவர்தான் ப்ளூஸ் கிதார்க்காரர் பி.பி. கிங். ஒருவர் கிதாருக்குத் தீ வைத்தவர், இன்னொருவர் கிதாருக்காகத் தீக்குள் போனவர். நான் இரண்டாமவர் கட்சி.

(நம் அலுவலகம் பற்றிக்கொண்டால் எதை எடுக்க உள்ளே ஓடுவேன் என்று உதவி ஆசிரியரிடம் பேசிக்கொண்டிருந்தேன். சந்தாதாரர் பதிவேடு என்றேன். "பிரசுரத்துக்கு வந்த கவிதைகள்?" என்றார். கதவைச் சாத்திவிட்டு ஓடுவேன். வாரம் எட்டுக் கவிதை அனுப்பும் அன்பர் நிச்சயம் நகல் வைத்திருப்பார்.)

தீக்குள் போனார் என்பதற்காக மட்டும் பிடிக்காது. பி.பி. கிங்குக்குக் கார்டு, அதாவது பல ஸ்வரங்களை ஒன்றாக ஒலிக்கவிடும் பிடி, சரியாக வராது, அதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். பாடும்போது வாசிக்க மாட்டார், வாசிக்கும்போது பாட மாட்டார். உறவினர் புக்கா வைட் தந்தியில் குழாயைத் தேய்த்து எழுப்பும் ஓசை இவருக்குக் கைவரவில்லை. அதற்குப் பதிலாக இடதுகை விரலைத் தந்தியில் வைத்துப் பட்டாம்பூச்சிபோல் படபடக்கவிட்டார், அந்த அசைவு ஒன்றே போதும், வாசிப்பது யாரென்று இரண்டாவது ஸ்வரத்துக்குள் தெரிந்துவிடும். எட்டு ஸ்வரம் போடுகிற இடத்தில் ஒன்றைப் போட்டுவிட்டுக் காத்திருப்பார். எட்டுக் கவிதை அன்பர் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும்.

கிட்டாரா, கிதாரா என்று மூன்று வருஷமாக என்னோடு மல்லுக்கட்டும் இன்னொருவருக்கும் பி.பி. கிங் வழி விட்டிருக்கிறார். அன்றைக்கு அந்த இருவரும் அடித்துக்கொண்டது லூசில் என்ற பெண்ணுக்காகவாம், இனி இப்படி ஒரு முட்டாள்தனம் செய்யக்கூடாது என்று தனக்கே நினைவூட்டிக்கொள்ள அதையே தன் கிதாருக்குப் பெயராக வைத்தார், அதற்குப் பின் வாங்கிய எல்லாக் கிதாருக்கும் அதே பெயர்தான். லூசிலா, லூசிலியா என்று அடுத்த இதழுக்குள் கடிதம் வரும். வரட்டும்.