ஃபிரீமேசன் விருந்தில் கொடுத்த கவர்: கிஃப்ட் எய்ட் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் வசிக்கிறேன். கூட வேலை பார்ப்பவர் ஃபிரீமேசன், அதாவது தங்களுக்குள் சடங்குகள் நடத்துகிற ஒரு பழைய சகோதர இயக்கத்தின் உறுப்பினர். அவருடைய லாட்ஜ் (இயக்கத்தின் கிளை) நடத்திய நன்கொடை விருந்துக்கு என்னையும் மனைவியையும் அழைத்திருந்தார். டிக்கெட் தலைக்கு 60 பவுண்டு. சாப்பிட்டு முடித்ததும் ஆளுக்கொரு கவர் கொடுத்து நன்கொடை கேட்டார்கள். கவரிலேயே கிஃப்ட் எய்ட் (நன்கொடையோடு வரித்துறையும் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்கிற திட்டம்) படிவம் அச்சடித்திருந்தது. யோசித்துச் செய்யலாம் என்று வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு சடங்கு செய்கிற சங்கத்துக்கு வரிச்சலுகை எதற்கு? நான் கையெழுத்துப் போடலாமா?

பதில்: கவரில் யார் பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் மசோனிக் சேரிட்டபிள் ஃபவுண்டேஷன் என்ற பெயரும் ஒரு பதிவு எண்ணும் இருக்கும். அப்படி இருந்தால் பணம் பதிவுபெற்ற ஒரு சேரிட்டிக்கு, அதாவது அறநிறுவனத்துக்கு, போகிறது. கையெழுத்துப் போடத் தடையில்லை. இந்தச் சலுகை அவர்களுக்குத் தகுமா என்ற கேள்விதான் பெரியது. அதற்கு லாட்ஜை ஒரு பக்கமும் அதன் சேரிட்டியை இன்னொரு பக்கமும் வைத்துப் பார்க்க வேண்டும். சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது.

இங்கிலாந்துச் சட்டத்தின் கண்ணில் ஃபிரீமேசன் இயக்கம் சேரிட்டி இல்லை. கிரேட் குயீன் தெருவில் இருக்கிற தங்கள் தலைமையகத்துக்கு உள்ளாட்சி வரியில் சலுகை வேண்டும் என்று, இங்கிலாந்து ஃபிரீமேசன்களின் தலைமை அமைப்பான யுனைடெட் கிராண்ட் லாட்ஜ் ஹோபர்ன் கவுன்சிலோடு வழக்காடி, 1957-இல் தோற்றது. மதத்தை வளர்ப்பதும் எங்கள் வேலை என்று வாதிட்டுப் பார்த்தார்கள். ஃபிரீமேசன் ஆக இறைநம்பிக்கை வேண்டும், ஒழுக்கமாக வாழ வேண்டும். அதெல்லாம் சரி, ஆனால் நம்பாதவர்களிடம் போய் எடுத்துச் சொல்வதோ மத போதனையோ இங்கே எதுவும் இல்லையே என்று நீதிபதி டோனவன் ஏற்க மறுத்துவிட்டார். பிற்பாடு, உறுப்பினர் சந்தாவுக்கு வாட் வரி விலக்கு கேட்டும் போனார்கள். 2015-இல் மேல் தீர்ப்பாயத்தில் அதுவும் கிடைக்கவில்லை. தங்கள் உறுப்பினர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் கைகொடுப்பது அவர்களுடைய முக்கிய நோக்கங்களில் ஒன்று என்பதுதான் அங்கே குறுக்கே நின்றது.

இரண்டு வழக்கிலும் அவர்கள் ரகசியத்துக்காகத் தோற்கவில்லை. சட்டம் கேட்பது ஒன்றுதான்: இதனால் பொதுமக்களுக்கு, அல்லது அவர்களில் ஒரு பிரிவினருக்காவது, பலன் உண்டா? 2011-ஆம் ஆண்டின் சேரிட்டி சட்டம், பொதுப்பலன் இருப்பதாகத் தானாக எடுத்துக்கொள்ளக் கூடாது, காட்டியாக வேண்டும் என்கிறது.

பிரிவினர் என்றால் யார் என்பதில் நீதிமன்றங்கள் கறாராக இருந்திருக்கின்றன. ஒரு புகையிலை நிறுவனத்து ஊழியர்களின் பிள்ளைகளைப் படிக்கவைக்க ஏற்படுத்திய அறக்கட்டளையை 1951-இல், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை சேரிட்டியாக ஏற்கவில்லை. அந்த ஊழியர்கள் 1,10,000 பேருக்கு மேல்! இருந்தும், அவர்களை ஒன்றாகக் கட்டுவது ஒரே முதலாளி என்ற உறவுதான். அது பொதுமக்கள் ஆகாது என்றது தீர்ப்பு. அப்படியிருக்க, சில ஆயிரம் மேசன் குடும்பங்களுக்கு உதவுகிற நிதி மட்டும் எப்படித் தேறுகிறது?

இங்கேதான் பழைய விதிவிலக்கு ஒன்று வருகிறது. வறுமையைத் தீர்க்கிற உதவியென்றால், பெறுகிறவர்கள் ஒரே நிறுவனத்தையோ சங்கத்தையோ சேர்ந்தவர்களாக இருந்தாலும் சேரிட்டியாகலாம். 1972-இல் பிரபுக்கள் சபை ஒரு கம்பெனியின் ஏழை ஊழியர்களுக்கான நிதியை இப்படித்தான் ஏற்றது. 2012-இல் மேல் தீர்ப்பாயம் இந்த விதிவிலக்கு இன்றும் செல்லும் என்று சொன்னது. உங்கள் நண்பரின் லாட்ஜில் ஆல்மனர் என்று ஒருவர் இருப்பார். நோயில் விழுந்த உறுப்பினரையும் இறந்தவரின் மனைவியையும் போய்ப் பார்த்து, தேவையென்றால் உதவிக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது அவர் பொறுப்பு. மருந்துக்கும் வாடகைக்கும் திண்டாடுகிற ஒரு விதவைக்குக் கிடைக்கும் பணம், அவர் கணவர் மேசனாக இருந்தார் என்பதற்காக அறம் இல்லாமல் போய்விடாது. அந்த வகையில் விதிவிலக்கு நியாயமானது என்பதே என் கருத்து. நான்கு பழைய மேசன் சேரிட்டிகளைச் சேர்த்து 2016-இல் உருவான அந்த ஃபவுண்டேஷன், வெளியே இருக்கிற சேரிட்டிகளுக்கும் நிதி கொடுக்கிறது.

ஆனால் ஒன்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வரிப்பணத்திலிருந்து பங்கு வாங்குகிற சேரிட்டி, தங்கள் ஆட்களுக்கு எவ்வளவு போனது, வெளியாருக்கு எவ்வளவு போனது என்பதை யாரும் படிக்கிற மாதிரி வெளியிட வேண்டும். சடங்கையும் கைகுலுக்கலையும் அவர்கள் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ளட்டும், அதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. சேரிட்டிகளைப் பதிவு செய்து கண்காணிக்கிற சேரிட்டி கமிஷனின் இணையதளத்தில் கவரில் உள்ள எண்ணைப் போட்டால் அறங்காவலர்கள் பெயரும் ஆண்டறிக்கையும் கணக்கும் வரும். மேசன்களுக்குப் போனதையும் மற்ற சேரிட்டிகளுக்குப் போனதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். விகிதம் பிடிக்கவில்லை என்றால் கொடுக்காமல் இருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. நண்பர் கோபித்துக்கொள்ளத் தேவையில்லை.

நம்மவர்கள் இங்கே நடத்துகிற பழைய மாணவர் சங்கங்களையும் இதே கண்ணோடு பார்க்கலாம். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் கட்ட அனுப்புகிற பணம் வேறு. ஆண்டு விழாவில் நாமே சாப்பிட்டு ஆடிப் பாடுகிற செலவு வேறு.

இனி உங்கள் கவர். டிக்கெட்டுக்குக் கொடுத்த 120 பவுண்டு சாப்பாட்டு விலை; அதைக் கிஃப்ட் எய்டில் சேர்க்கக் கூடாது. ராஃபிள் சீட்டும் அப்படியே. கவரில் நீங்களாகப் போடுகிற பணம் மட்டும்தான் நன்கொடை. 100 பவுண்டு போட்டால் வரித்துறை 25 பவுண்டு சேர்த்து சேரிட்டிக்குக் கொடுக்கும். நீங்கள் 40 சதவீத வரி கட்டுகிறவர் என்றால் இன்னொரு 25 பவுண்டை உங்கள் வரியில் கழித்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு நீங்கள் கட்டிய வரி, எல்லாச் சேரிட்டிகளும் உங்கள் பெயரில் வாங்கியதைவிடக் குறைவாக இருந்தால் மிச்சத்தை உங்களிடம்தான் கேட்பார்கள். மனைவி வரி கட்டாதவர் என்றால் அவர் கவரில் கையெழுத்து வேண்டாம். 'கடந்த நான்கு ஆண்டுகளில் கொடுத்ததற்கும் இனிக் கொடுப்பதற்கும்' என்பது போல ஒரு வரி படிவத்தில் இருக்கலாம். இந்த ஒரு தடவைக்கு மட்டும் என்றால் அதற்கான கட்டத்தைப் பார்த்து டிக் செய்யுங்கள்.

கவரில் லாட்ஜின் பெயர் மட்டும் இருந்து பதிவு எண் எதுவும் இல்லையென்றால் உடனே சந்தேகப்பட வேண்டாம். சில லாட்ஜுகள் சிறிய நலநிதி ஒன்றைத் தனியாகப் பதிவு செய்து வைத்திருக்கும். லாட்ஜில் நன்கொடைகளைக் கவனிக்கிற சேரிட்டி ஸ்டூவர்ட் யார் என்று நண்பரிடம் கேட்டு, அவரிடமிருந்து எண்ணை வாங்குங்கள். எண் வரும்வரை கையெழுத்தை நிறுத்தி வையுங்கள்.