மூப்பர்களை வாக்குப் பெட்டியில் தேடாதீர்கள்

கேள்வி: வெள்ளவத்தையிலுள்ள எங்கள் சுயாதீனத் தமிழ்ச் சபைக்கு எண்பது பேரளவில் வருகிறார்கள். சபையைத் தொடங்கிய போதகரே 22 ஆண்டுகளாக எல்லாவற்றையும் பார்க்கிறார். ஒருவருக்குப் பதிலாக மூப்பர்கள், அதாவது விசுவாசிகளை மேய்க்கும் பொறுப்பேற்ற சிலர், சேர்ந்து நடத்தும் சபையாக மாற அவருக்கும் சம்மதம். வரும் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் ஐவரைத் தெரிவு செய்யலாமா?
– சபைச் செயலாளர்

பதில்: இந்த ஆண்டு வேண்டாம். இப்போது வாக்கெடுத்தால் நன்றாகப் பேசுகிறவரும், அதிகம் காணிக்கை போடுகிறவரும், உறவினர் கூட்டம் பெரிதாக உள்ளவரும்தான் வருவார்கள். அது உங்கள் செயற்குழுவுக்கு இன்னொரு பெயராகவே முடியும். மின்கட்டணமும் கதிரைக் கணக்கும் பார்ப்பது செயற்குழு வேலை. அப்போஸ்தலர் 20ஆம் அதிகாரத்தில் பவுல் எபேசுவின் மூப்பரை அழைத்து, அவர்களையே கண்காணிகள் (சபையின் மேற்பார்வையாளர்கள்) என்கிறார். மந்தையை மேய்க்கும் பொறுப்பையும் அவர்களிடமே விடுகிறார்.

ஆகவே, யாரும் கேட்காமலே நோயாளி வீட்டுக்குப் போகிறவர் யார், சண்டையிட்ட இரு குடும்பங்களும் நம்பிப் பேசுகிறவர் யார் என்று ஓராண்டு கவனியுங்கள். அவர்களோடு 1 தீமோத்தேயு 3, தீத்து 1 ஆகியவற்றைப் போதகரே உட்கார்ந்து படிக்கட்டும். 'சொந்தக் குடும்பத்தை நன்றாய் நடத்துகிறவன்' என்ற தகுதிக்கு மனைவியின் சாட்சியையும் கேளுங்கள். கனடா விசாவுக்குக் காத்திருப்பவர் எவ்வளவு நல்லவரானாலும், அவரை நம்பித் திட்டம் போடாதீர்கள். மூவர் கிடைத்தாலே போதும். பெயர்களை அறிவித்து, ஆட்சேபம் இருந்தால் தனியாகச் சொல்ல ஒரு மாதம் கொடுத்து, பிறகு சபையின் சம்மதத்துடன் அவர்கள்மேல் கைகளை வைத்து ஜெபியுங்கள்.

'இது வெளிநாட்டுப் புதுமை' என்று யாராவது முறைப்பட்டால், கொழும்பில் 1757இல் திறக்கப்பட்ட வுல்பெண்டால் தேவாலயத்தைக் காட்டுங்கள். அந்த டச்சு சீர்திருத்த சபையில் மூப்பர்கள் அன்றைக்கே இருந்தார்கள்.

உண்மையான சிக்கல் போதகரின் சம்மதத்தில் இருக்கிறது. வாயால் சம்மதிப்பது எளிது. மூப்பர் கூட்டத்தில் அவருக்கும் ஒரு குரல்தான்; அவர் விரும்பாத தீர்மானம் ஒருநாள் நிறைவேறும். அன்று என்ன செய்வார் என்று இப்போதே, தேநீரோடு, நேராகக் கேளுங்கள். பிரசங்க மேடையை மாதம் ஒரு ஞாயிறு இன்னொருவருக்குக் கொடுக்கிறாரா? காசோலையில் இரண்டாவது கையொப்பத்துக்கு இணங்குகிறாரா? இவற்றிலேயே பதில் தெரிந்துவிடும்.

சபையின் யாப்பை (விதிக்கோவையை) திருத்துமுன் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டுங்கள். கம்பனியாகப் பதிந்த சபைக்கு ஒரு வழி, நம்பிக்கைப் பொறுப்பு உறுதியின் (trust deed) கீழ் இயங்கும் சபைக்கு வேறு வழி. சபைக் காணியின் உறுதி போதகரின் சொந்தப் பெயரில் இருந்தால், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். மூப்பர்களின் பெயர்ப் பட்டியல் அதற்குப் பிறகு.