பின் அக்சில் நேராக நிற்கிறதா? தூக்குக்குண்டும் வெண்கட்டியும் போதும்

கேள்வி: என்னிடம் 1982 மொடல் கொரோலா டிஎக்ஸ் வேகன் இருக்கிறது. கிரவல் பந்தயத்துக்குத் தயார்ப்படுத்தினேன். போட்டிக்கு முந்திய வாகனப் பரிசோதனையில் "பின் அக்சில் கோணி நிற்கிறது, சரிசெய்து கொண்டு வாருங்கள்" என்று திருப்பிவிட்டார்கள். அலைன்மென்ட் கடையில் கேட்டால், "இந்த வாகனத்துக்குப் பின்னால் சரிசெய்ய ஒன்றுமில்லை, முன்பக்கம் மட்டும்தான் பார்ப்போம்" என்கிறார்கள். வீட்டிலேயே அளந்து பார்க்க முடியுமா? (மாங்குளத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: முடியும். கடைக்காரர் சொன்னதும் பொய்யில்லை. உங்கள் வேகனில் பின்னுக்கு இருப்பது இரு சில்லுகளையும் இணைத்து ஒரே குழாயாக வரும் அக்சில். தகட்டு ஸ்பிரிங்கோடு அதை யூ போல்ற்றால் இறுக்கியிருக்கும். திருகிச் சரிசெய்ய அதில் இடமில்லை. ஆனால் கோணுவதற்கு நிறையவே இடமிருக்கிறது.

உழவு இயந்திரப் பெட்டி கட்டும் வெல்டிங்காரரைப் பார்த்திருப்பீர்கள். கொழுவும் ஓட்டையில் நூலைப் பிடித்து, அக்சிலின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இழுத்துப் பார்ப்பார். இரண்டும் ஒரே நீளம் வந்தால்தான் ஒட்டுவார். இல்லாவிட்டால் பெட்டி நண்டு மாதிரிப் பக்கவாட்டில் வரும். நீங்கள் செய்யப்போவதும் அதேதான், கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு.

நெல் காயவிடும் சீமெந்துத் தளம் கிடைத்தால் நல்லது. ஆனால் தண்ணீர் ஓட அதற்கு ஒரு சரிவு வைத்திருப்பார்கள். மேசன் வைத்திருக்கும் நீர்மட்டக் குழாயால் நான்கு சில்லும் நிற்கும் இடத்தைப் பார்த்து, தாழ்ந்த இடத்தில் தகடு வையுங்கள். ரயர்க் காற்று இரு பக்கமும் ஒரே அளவு. ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்கு ஓர் உர மூட்டை. வாகனத்தை முன்னுக்கு உருட்டி நிறுத்துங்கள், ஹான்ட்பிரேக் போடவேண்டாம். ஜக்கில் தூக்கி அளக்கவே கூடாது. அக்சில் தொங்கும்போது வரும் அளவு ஓடும்போது இருக்காது.

அப்புறம், எங்கிருந்து அளப்பது? நான் பழகிய காலத்தில் ஒரு வேகனுக்கு முன் பம்பர் பிடியிலிருந்து அளந்து, அக்சில் கோணல் என்று ஒரு பின்னேரம் முழுக்கக் கழற்றிப் பூட்டினேன். கடைசியில் கோணியிருந்தது பம்பர் பிடி. டிஎக்ஸ் வேகனுக்குத் தனிச் சசி கிடையாது, பொடியோடு சேர்ந்த றெயில்தான், அதாவது அடியில் நீளமாக ஓடும் இரும்புச் சட்டம். அந்த றெயிலில் கொம்பனி இட்ட ஓட்டைகள் இருக்கும். முன்பக்கம் ஒரு சோடி, பின் ஸ்பிரிங்கின் முன் கண் (முன் முனை வளையம்) போல்ற்றுக்கு அருகே ஒரு சோடி எடுங்கள். ஒவ்வொன்றிலும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, முனை தொடும் இடத்தில் வெண்கட்டியால் மெல்லிய கூட்டல் குறி போடுங்கள். பிறகு அக்சில் குழாயின் முன் ஓரத்தை நூல் உரசுமாறு, ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில், இரு பக்கமும் ஒரே இடத்தில் பிடித்துக் குறியுங்கள். காற்றில்லாத நேரம் பாருங்கள். சோளகம் வீசும்போது குண்டு ஆடிக்கொண்டே இருக்கும். வாகனத்தைத் தள்ளிவிட்டால் தரையில் ஆறு குறிகள் மிஞ்சும்.

முதலில் றெயிலின் நான்கு குறிகள். இடப்பக்க நீளமும் வலப்பக்க நீளமும் சமமா, மூலைவிட்டங்கள் சமமா? இல்லையென்றால் கோணல் பொடியில். அக்சிலைத் தொடவேண்டாம்.

அது சரியாக இருந்தால், முன் குறிகளிலிருந்து அக்சில் குறிகளுக்கு அளவெடுங்கள். இங்கேதான் பலரும் ஏமாறுவது. மூலைவிட்டத்தை மட்டும் அளந்து, வித்தியாசம் வந்ததும் "கோணல்" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அக்சில் நேராக இருந்தபடியே ஒரு பக்கம் தள்ளி நின்றாலும் மூலைவிட்டம் மாறும். இன்னும் மோசம், கோணலும் தள்ளலும் எதிரெதிராக அமைந்தால் ஒன்றையொன்று விழுங்கிவிடும். மூலைவிட்டம் இரண்டும் சமமாகவே வரும். ஆகவே இடப்பக்க நீளம், வலப்பக்க நீளம் இரண்டையும் கட்டாயம் அளக்கவேண்டும். பக்கங்கள் சமம், மூலைவிட்டம் மட்டும் வேறு என்றால் அது தள்ளல். பக்கங்களே வேறு என்றால் கோணல்.

றிம்மில் அளந்தால் போதாதா என்று கேட்பீர்கள். கணக்கைப் பாருங்கள். பின் சில்லுகளுக்கு இடையே 1300 மில்லிமீற்றர் என்று வைப்போம். ஒரு சில்லு மற்றதைவிட 5 மில்லிமீற்றர் பின்னுக்கு நின்றால், 350 மில்லிமீற்றர் விட்டமுள்ள றிம்மின் முன் ஓரத்துக்கும் பின் ஓரத்துக்கும் வரும் வித்தியாசம் ஒன்றரை மில்லிமீற்றர்கூட இல்லை. கல்லில் அடிபட்ட றிம்மே அவ்வளவு வளைந்திருக்கும். ஆனால் அதே கோணல், 2400 மில்லிமீற்றர் தள்ளி முன் சில்லுகளின் இடத்துக்குப் போய்ச் சேரும்போது 9 மில்லிமீற்றராகிவிடும். இடப்பக்கம் பின்னுக்குப் போயிருந்தால் வாகனத்தின் பின்பகுதி இடதுக்குத் தள்ளும், மூக்கு வலதுக்குத் திரும்பும். நேர் றோட்டிலும் ஸ்ரியரிங்கைச் சற்று இடதுக்குப் பிடித்தபடியே ஓடுவீர்கள். வலது வளைவில் பின்பக்கம் வெடுக்கென்று சுழலும், இடது வளைவில் திரும்பவே மறுக்கும்.

றிம் அளவு வேறொன்றுக்கு உதவும். சில்லை அரைச்சுற்று சுற்றி இரண்டு தடவை அளந்து சராசரி எடுங்கள். ஒரு சில்லு உள்நோக்கியும் மற்றது அதே அளவு வெளிநோக்கியும் இருந்தால் அக்சில் முழுதாகத் திரும்பியிருக்கிறது. இரண்டுமே உள்நோக்கி, அல்லது இரண்டுமே வெளிநோக்கி என்றால் குழாயே வளைந்திருக்கிறது. பிடிகளை ஒட்டும்போது ஒரே பக்கத்தில் சூடு வைத்து இழுத்துவிட்ட குழாய்களில் இது சாதாரணம்.

உங்கள் வாகனத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது சென்ரர் போல்ற். ஸ்பிரிங் தகடுகளை நடுவில் கோக்கும் அந்தப் போல்ற்றின் தலைதான் அக்சில் பிடியின் ஓட்டைக்குள் உட்கார்ந்து இடத்தைக் காப்பது. யூ போல்ற் தளர்ந்தால் பாரம் முழுதும் அதன்மேல் விழும், ஒருநாள் அறுந்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. சேற்றைக் கழுவிவிட்டு ஸ்பிரிங்கும் பிடியும் சேரும் ஓரத்தை டோர்ச் அடித்துப் பாருங்கள். மினுங்கும் ஒரு கோடும் அதன் கரையில் செந்நிறத் தூளும் தெரிந்தால் அக்சில் அங்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. புதுப் போல்ற், புது யூ போல்ற். பழையதைத் திரும்ப இறுக்காதீர்கள். முன் கண் ரப்பர் புஷ் தேய்ந்திருந்தால் இரு பக்கமும் சோடியாக மாற்றுங்கள்.

இடையில் தகடு செருகி அளவைச் சரிக்கட்டும் யோசனை வந்தால் விட்டுவிடுங்கள். அமெரிக்க நாஸ்கார் பந்தயத்தில் ஜோய் லொகானோ 2017 ஏப்ரலில் ரிச்மண்டில் வென்றார். பின் அக்சிலைப் பிடிக்கும் பாகங்களில் தகடுகள் தட்டையாகப் பொருந்தவில்லை என்று பிறகு கண்டுபிடித்தார்கள். வெற்றி பதிவில் நின்றது, ஆனால் பட்டத்தைத் தீர்மானிக்கும் பிளேஓவ் சுற்றுக்குப் போக அது உதவவில்லை. அந்த வருடம் அவர் அந்தச் சுற்றுக்குப் போகவுமில்லை. நாஸ்காரின் அந்தக் காலக் கார்களில் கோணல் அக்சிலை வேண்டுமென்றே வைத்தார்கள், காற்று பக்கவாட்டில் தாங்கும் என்று. கிரவலில் உங்களுக்கு அதனால் ஒரு சதம் இலாபமில்லை.

எவ்வளவு வித்தியாசம் தாங்கும் என்பதைப் போட்டி விதித்தாளில் பாருங்கள். எண் எதுவும் இல்லையென்றால், 3 மில்லிமீற்றருக்கு உள்ளே இருந்தால் நான் ஓடவிடுவேன். தரைக் குறிகளை ஒரு தாளில் வரைந்து அளவெழுதி, பரிசோதகரிடம் காட்டுங்கள். யூ போல்ற் நட்டுகளில் இறுக்கிய நிலையில் வெள்ளைப் பெயின்ரால் ஒரு கோடு போடுங்கள். முல்லைத்தீவு வீதியில் 50 கிலோமீற்றர் ஓடிவிட்டு வந்து அந்தக் கோட்டைப் பாருங்கள். விலகியிருந்தால் திரும்ப இறுக்கி, திரும்ப அளந்து பாருங்கள்.