பம்ப் ஸ்டாக் வழக்கு: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (டாலஸ்): சார், பம்ப் ஸ்டாக் என்றால் என்ன? அதை மாட்டினால் துப்பாக்கி மெஷின் கன் ஆகிவிடுமா?

பதில்: உங்கள் இரண்டாவது கேள்விதான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன மொத்த வழக்கும். செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கியில் டிரிகரை ஒரு தடவை அழுத்தினால் ஒரு குண்டுதான் பாயும். அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளும். ஆனால் விரலைத் தளர்த்தி, டிரிகர் பழைய இடத்துக்குத் திரும்பிய பிறகு மறுபடி அழுத்தினால்தான் வெடிக்கும்.

பம்ப் ஸ்டாக் என்பது தோளில் அணைக்கும் கட்டைக்குப் பதிலாக மாட்டுவது. துப்பாக்கி அதற்குள் முன்னும் பின்னும் வழுக்கும். ஒரு பட்டன் பேனாவை எடுங்கள். கட்டை விரலை அசைக்காமல் நீட்டிக்கொண்டு, மறு கையால் பேனாவைத் தள்ளிப் பட்டனை அந்த விரலில் முட்டவையுங்கள். டிக் என்று அழுந்தும், ஆனால் விரல் அசைந்திருக்காது. இங்கேயும் அப்படித்தான். உதைப்பில் துப்பாக்கி பின்னால் போகும்போது டிரிகர் விரலை விட்டு விலகும். இடது கை முன்னால் தள்ளிக்கொண்டே இருப்பதால் அது திரும்ப வந்து விரலில் முட்டும்.

1934-ஆம் ஆண்டுச் சட்டம் மெஷின் கன்னுக்குத் தரும் விளக்கம் இது: டிரிகரின் ஒரே இயக்கத்தில், தானாக, ஒன்றுக்கு மேற்பட்ட குண்டுகளைச் சுடுவது. 'ஒரே இயக்கம்', 'தானாக' என்ற இரண்டு சொற்களை வைத்துத்தான் இத்தனை வருடச் சண்டையும்.

கேள்வி (அட்லாண்டா): தடை எப்போது வந்தது, எப்படிப் போனது?

பதில்: 2017 அக்டோபர் 1, லாஸ் வேகஸ். ஓட்டலின் 32-ஆம் மாடியிலிருந்து ஒருவன், பம்ப் ஸ்டாக் மாட்டிய துப்பாக்கிகளால், இசை விழாக் கூட்டத்தை நோக்கிப் பத்து நிமிடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டான். பின்னாளில் காயங்களால் இறந்தவர்களையும் சேர்த்து 60 பேர் போனார்கள். பம்ப் ஸ்டாக் மெஷின் கன் அல்ல என்று 2010-இல் கடிதம் கொடுத்திருந்த அதே ஏ.டி.எஃப் (துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் மத்திய அரசுத் துறை), டிரம்ப் ஆட்சியில் 2018 டிசம்பரில் அதை மாற்றி விதி போட்டது. 2019 மார்ச் 26-க்குள் அழிக்க வேண்டும், இல்லையென்றால் ஒப்படைக்க வேண்டும். இழப்பீடு கிடையாது. ஆஸ்டினில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் மைக்கேல் கார்கில் தன்னிடம் இருந்த இரண்டை ஒப்படைத்துவிட்டு வழக்குப் போட்டார். 2024 ஜூன் 14-இல் உச்ச நீதிமன்றம் 6-3 என்று அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

கேள்வி (சான் ஹோசே): அப்படியானால் இனி மெஷின் கன் வாங்கலாமா?

பதில்: கூடாது. 1986 மே 19-க்குப் பிறகு பதிவான மெஷின் கன்னைப் பொதுமக்கள் வைத்திருக்க முடியாது. அந்தச் சட்டத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. உங்கள் கலிபோர்னியாவில் பம்ப் ஸ்டாக்கும் கூடாது.

கேள்வி (ஹூஸ்டன்): அண்ணா, இது சொல் விளையாட்டு. செத்தவனுக்கு டிரிகர் எத்தனை தடவை அசைந்தது என்பதா முக்கியம்? வாத்து மாதிரி நடந்து, வாத்து மாதிரி கத்தினால் அது வாத்துதான் என்று நீதிபதி சோட்டோமயோர் எழுதியது சரிதானே?

பதில்: கோபம் நியாயம், தம்பி. அவருடைய மாறுபட்ட தீர்ப்பைப் படித்துவிட்டு நானும் ஒரு வாரம் தடுமாறினேன். ஆனால் நீதிபதி தாமஸ் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பில் டிரிகருக்குள் இருக்கும் பாகங்களின் படங்களே இருக்கின்றன. ஒவ்வொரு குண்டுக்கும் டிரிகர் விலகித் திரும்பி வருகிறது. போதாததற்கு இடது கை இடைவிடாமல் தள்ளவும் வேண்டும். அப்புறம் அதை எப்படித் 'தானாக' என்பது?

கேள்வி (மறுபடி ஹூஸ்டன்): சுடுகிறவன் பக்கமிருந்து பாருங்கள். விரலை வைத்துத் தள்ளுகிறான், அவ்வளவுதான். அது ஒரே செயல்தானே?

பதில்: எதிர்த் தரப்பின் மிக வலுவான வாதம் அதுதான், மறுக்க மாட்டேன். ஆனால் சட்டம் 'சுடுகிறவனின் ஒரே செயல்' என்று சொல்லவில்லை, 'டிரிகரின்' என்கிறது. இந்தக் கட்டையைத் தடை செய்தே ஆக வேண்டும் என்பதுதான் என் விருப்பமும். ஆனால் தடை செய்ய வேண்டியது காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம். இன்று ஒரு துறை தன் கடிதத்தைத் தானே மாற்றிப் பத்து வருடச் சிறைக்குரிய குற்றமாக்கலாம் என்றால், நாளை வேறு எதையும் ஆக்கலாம். காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தலாம் என்று நீதிபதி அலிட்டோ தனியாக எழுதியும் வைத்தார். நான்கே நாளில், ஜூன் 18-இல், காங்கிரஸின் மேலவையான செனட்டில் பம்ப் ஸ்டாக் தடை மசோதாவுக்கு ஒருமித்த ஒப்புதல் கேட்டார்கள். ஒரே ஒரு உறுப்பினரின் ஆட்சேபத்தில் அது நின்றுபோனது. உங்கள் கோபத்தை அங்கே காட்டுங்கள், நானும் கூட வருகிறேன்.

கேள்வி (டெட்ராய்ட்): கிளாக் சுவிட்சும் இதே மாதிரிதானே?

பதில்: இல்லவே இல்லை. கிளாக் கைத்துப்பாக்கியில் அதைப் பொருத்தினால் ஒரே அழுத்தலில் குண்டுகள் கொட்டும். அந்தச் சின்னத் துண்டே சட்டப்படி மெஷின் கன். தொடாதீர்கள்.

கேள்வி (பீனிக்ஸ்): வீட்டிலேயே ஒன்றைச் செய்துகொள்ள முடியுமா?

பதில்: இதற்குப் பதில் தர மாட்டேன்.

கேள்வி (சியாட்டில்): தீர்ப்பு வந்துவிட்டதே, மெஷின் கன் இனிமேல்...

பதில்: சான் ஹோசேக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். இதே கேள்வி இன்னும் ஆறு பேரிடமிருந்து வந்திருக்கிறது, எல்லோருக்கும் அதே பதில்தான்.

கேள்வி (எடிசன், நியூஜெர்சி): நான் ஹெச்-1பி. தடை போய்விட்டதால் ஒன்று வாங்கி வைக்கலாமா?

பதில்: வேண்டாம். போனது ஏ.டி.எஃப் விதி மட்டும்தான். நியூஜெர்சியின் தடை அப்படியே இருக்கிறது. அதைவிட முக்கியமானது உங்கள் விசா. ஹெச்-1பியில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் போல ஒருசில விலக்குகள் உண்டு. நண்பரோடு சுடும் பயிற்சிக்குப் போவதாக இருந்தாலும் முதலில் வக்கீலிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.