கவனம் சிதறுகிறதா, தூக்கம் போதவில்லையா?

ஆலோசகர் அம்மா அவர்களுக்கு வணக்கம்.

கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். வயது முப்பத்து நான்கு. பகலில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். விவசாயிகள் கொண்டுவரும் பச்சைத் தேயிலையின் எடைச் சீட்டு, இலைப் பணப் பட்டுவாடா எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். மாலையில் வீட்டிலிருந்தபடி சில கடைகளுக்கு ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுக்கிறேன். 11ஆம் தேதிக்குள் ஒன்று, 20ஆம் தேதிக்குள் இன்னொன்று என்று மாதம் முழுவதும் தேதிகள் துரத்துகின்றன. சனி, ஞாயிறுகளில் வெளியூர்க்காரர் ஒருவரின் விருந்தினர் விடுதியைப் பார்த்துக்கொள்கிறேன். தொழிற்சாலையில் எனக்குச் செவ்வாய் விடுமுறை. அன்று கோவையில் ஓர் ஆடிட்டரிடம் வேலை. விடிவதற்குள் காரை ஓட்டிக்கொண்டு மலையிறங்கினால் இரவுதான் மலையேறி வருவேன்.

இதில் ஒன்றை விட முடியாதா என்று மட்டும் கேட்காதீர்கள். எங்களுக்கு இருக்கிற கொஞ்சம் தேயிலையில் வருவது உரத்துக்கும் பறிகூலிக்குமே சரியாகிவிடுகிறது. கணவர் திருப்பூரில் வேலை பார்க்கிறார். மகளின் பள்ளிக் கட்டணம், மாமியாரின் மருந்துச் செலவு, வீட்டுக் கடன் எல்லாம் இருக்கின்றன.

என் சிக்கல் கவனம்தான். எடைச் சீட்டைக் கூட்டும்போது எந்தக் கடைக்காரர் பில் அனுப்பவில்லை என்று யோசிக்கிறேன். விருந்தினர்க்குச் சாவி கொடுக்கும்போது ஆடிட்டர் கேட்ட கோப்பு நினைவுக்கு வருகிறது. ஒரே வரியை மறுபடி மறுபடி படிக்கிறேன். தியானம் செய்து பார்த்தேன், கண் சொக்கிவிட்டது. அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்தால் வாழ்க்கை மாறும் என்று யூடியூபில் ஒருவர் சொல்கிறார். நான் நாலரைக்கே எழுகிறேன், ஒன்றும் மாறவில்லை. படுக்கப் பதினொன்றரை ஆகிறது. சாப்பாட்டுக்கு நேரம் கிடையாது, தேநீரில்தான் ஓடுகிறது. போன மாதம் ஒரு செவ்வாய் இரவு, மலைப்பாதையில் குஞ்சப்பனையைத் தாண்டியதே தெரியவில்லை. அரவேணு வந்த பிறகுதான் வீடு நெருங்கிவிட்டது புரிந்தது. அவ்வளவு பழகிய பாதை. மனத்தை ஒருமுகப்படுத்த ஏதாவது பயிற்சி சொல்லுங்கள்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோத்தகிரி

அன்புள்ள சகோதரிக்கு,

கவனச் சிதறலைப் பற்றி விரிவாக எழுதிவிட்டு, குஞ்சப்பனையைத் தாண்டியது தெரியவில்லை என்பதைப் போகிற போக்கில் சொல்லிச் செல்கிறீர்கள். பாதை பழக்கம் என்று காரணமும் நீங்களே கொடுத்துவிட்டீர்கள். எனக்கு அந்த இடத்தைத் தாண்டி மேலே படிக்க முடியவில்லை. அதனால் முதலில் செவ்வாய்க்கிழமையைப் பேசுவோம்.

நாலரைக்கு எழுகிறவருக்கு இரவு ஒன்பதரை ஆகும்போது விழித்து 17 மணி நேரம் ஆகிவிடுகிறது. 17 மணி நேரம் தூங்காதவரின் செயல்திறன், 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குக் குறைகிறது என்று 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம் மோட்டார் வாகனச் சட்டம் வைத்திருக்கும் எல்லை 30 மில்லிகிராம். காவலர் ஊதச் சொன்னால் உங்களிடம் ஒன்றும் தெரியாது, அவ்வளவுதான் வேறுபாடு. போதாத தூக்கத்தில் மூளை சில விநாடிகள் தானாக அணைந்து எரியும். கண் திறந்திருந்தாலும் இது நடக்கும், நடந்தது நமக்கே தெரியாது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி என்றால் 33 மீட்டர். கொண்டை ஊசி வளைவில் அவ்வளவு இடம் ஏது?

ஆகவே இனிச் செவ்வாய் இரவுகளில் நீங்கள் காரை மலையேற்ற வேண்டாம். காலையில் மேட்டுப்பாளையம் வரை பஸ், அங்கிருந்து கோவைக்கு ரயிலோ பஸ்ஸோ போதும். திரும்பும் பஸ் கிடைக்காத நாளில் கீழேயே தங்கிவிட்டுப் புதன் காலை ஏறுங்கள். தொழிற்சாலையில் ஒரு மணி நேரம் தாமதமாக வர முன்கூட்டியே அனுமதி கேட்டால் தரக்கூடும். அதைவிட நல்லது, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் நேரில் வருகிறேன், மற்ற வாரம் வீட்டிலிருந்து முடித்து அனுப்புகிறேன் என்று ஆடிட்டரிடம் பேசிப் பார்ப்பது. தவிர்க்கவே முடியாமல் ஓட்ட நேர்ந்தால், மேட்டுப்பாளையத்தில் வண்டியை ஓரம் கட்டி, ஒரு காபி குடித்துவிட்டு இருபது நிமிடம் கண்ணயருங்கள். காபி வேலை செய்யத் தொடங்கவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் பிடிக்கும். ஜன்னலைத் திறப்பதும் பாட்டைக் கூட்டி வைப்பதும் தூக்கத்தைத் தடுக்காது. பஸ்ஸில் வரும்போது லேப்டாப்பைத் திறந்துவிடாதீர்கள். வளைவில் குமட்டும், வேலையும் நடக்காது.

தியானத்தில் கண் சொக்கியது தோல்வி இல்லை. உடல் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டது. ஐந்து மணி நேரத் தூக்கத்தில் யாருக்கும் கவனம் நிற்காது. பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரம் வேண்டும். ஒரே நாளில் அது வராது, முதலில் முக்கால் மணி நேரத்தைக் கூட்டுங்கள். நீலகிரிக்காரரிடம் தேநீரைக் குறைக்கச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனாலும் மாலை ஆறு மணிக்குக் குடித்த காஃபினில் பாதி, பதினொரு மணிக்கும் பலருடைய உடலில் இருக்கும். நான்கு மணிக்கு மேல் வேண்டாம். சாப்பாட்டோடும் வேண்டாம், இரும்புச்சத்து உடலில் சேர்வதை அது குறைக்கும்.

தூங்கியும் கொஞ்சம் சிதறல் மிஞ்சும். அதற்குக் காரணம் உங்கள் வேலைகளின் அமைப்பு. முடிக்காத வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது மனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுவதை சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் விளக்கினார். ஒரு வேலையை விட்டு எழும் முன்பு, எங்கே விட்டீர்கள், அடுத்து என்ன என்பதை ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதிவிட்டு எழுந்திருங்கள். கடைக்காரர்களிடம் பில் 5ஆம் தேதிக்குள் வர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். அவர்களுடைய தாமதத்தை நீங்கள் ஏன் இரவில் சுமக்க வேண்டும்?

வேலையை விடச் சொல்லாதீர்கள் என்றீர்கள், சொல்லவில்லை. ஊர்க் கணக்கெல்லாம் எழுதுகிறவர், உங்கள் கணக்கையும் ஒருமுறை எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு வேலையிலும் பெட்ரோல், பஸ் செலவு போக மணிக்கு எவ்வளவு நிற்கிறது? எனக்கு விருந்தினர் விடுதியின் மீதுதான் சந்தேகம். இரண்டு நாள்களை எடுத்துக்கொள்ளும் வேலை அது, மகள் வீட்டில் இருக்கும் நாள்களும் அவைதான். கணக்கு வேறு மாதிரி வந்தால் என் சந்தேகத்தைத் தள்ளிவிடுங்கள்.

அரசு மருத்துவமனையில் ஹீமோகுளோபின், தைராய்டு இரண்டையும் பார்த்துவிடுங்கள். இவற்றில் குறையிருந்தாலும் இதே சோர்வும் மறதியும் வரும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் விருப்பம் இல்லாமல், அழுகையாகவே வந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், பேசலாம். இலவசம், இரவிலும் எடுப்பார்கள். பரிசோதனை முடிவு கைக்கு வந்ததும், ஆடிட்டர் என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.